ஒரு மாதக் கெடு: இலங்கையில் அடிப்படை உரிமை மனு போடுபவர்களுக்கு

அரச நிறுவனம் ஒன்றின் போட்டிப் பரீட்சையில் சித்தியடைந்து, நேர்முகத் தேர்வும் முடிந்து, தெரிவுப் பட்டியலில் என் பெயர் நான்காவதாக இருந்தது. இரண்டு கிழமை கழித்து அந்தப் பட்டியலை அறிவித்தல் பலகையிலிருந்து கழற்றிவிட்டு வேறொன்றை ஒட்டினார்கள். அதில் நான் இல்லை. மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள். நான் மேன்முறையீட்டுக் கடிதம் எழுதினேன். பதிலுக்குக் காத்திருந்தேன். இன்னொன்று எழுதினேன். பத்தொன்பதாவது நாள் ஒரு சட்டத்தரணியிடம் போனபோதுதான், அடிப்படை உரிமை மனுப் போட எனக்கு ஒரே ஒரு மாதம்தான் இருந்தது, அதில் பெரும்பகுதியைத் தபாலில் தொலைத்துவிட்டேன் என்று தெரிந்தது.

அந்தப் பதட்டம் உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை, ஒரு மனுதாரர். உங்கள் விஷயத்தை ஒரு சட்டத்தரணியிடம் கட்டாயம் காட்டுங்கள். ஆனால் அவரிடம் போவதற்கு முன்பே செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு சொல்: இலங்கையில் உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றம். உங்கள் ஊரில் உச்ச நீதிமன்றம் என்பீர்கள். அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம், அதற்குக் கீழே மேல் நீதிமன்றம். அடிப்படை உரிமை மனு நேரடியாக உயர் நீதிமன்றத்துக்கே போகிறது, கொழும்பு புதுக்கடைக்கு.

1. இது அங்கே போகிற விஷயமா?

அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தில், 10 முதல் 14அ வரையான உறுப்புரைகளில் உள்ள உரிமைகள் மீறப்பட்டிருக்க வேண்டும். அதிகம் பயன்படுபவை சில: 11 சித்திரவதைக்கு எதிரானது, 12(1) சட்டத்தின் முன் சமத்துவம், 13 கைதும் தடுத்துவைப்பும், 14 பேச்சு, கூட்டம், தொழில் போன்ற சுதந்திரங்கள், 14அ தகவல் பெறும் உரிமை. நியமனம், இடமாற்றம், டெண்டர், பாடசாலை அனுமதி போன்றவற்றில் நடக்கும் அநியாயங்கள் பெரும்பாலும் 12(1)இன் கீழ் வரும்.

மீறியது அரசின் நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலாக இருக்க வேண்டும். பொலிஸ், அமைச்சு, திணைக்களம், மாகாண நிர்வாகம், அரச கூட்டுத்தாபனம் எல்லாம் அடங்கும். தனியார் கம்பனி உங்களை வேலையிலிருந்து நிறுத்தினால் வேறு வழி பார்க்க வேண்டும். நீதிபதி ஒருவர் வழக்கில் தந்த கட்டளை பிடிக்கவில்லை என்பதற்கும் இது வழியில்லை, அதற்கு மேன்முறையீடும் மீளாய்வும் இருக்கின்றன.

பலர் தடுக்கி விழுகிற இடம் இன்னொன்று. பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தையே செல்லாது என்று கேட்க முடியாது. சட்டமூலமாக இருக்கும்போதுதான், அது பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் (நிகழ்ச்சி நிரலில்) வந்த உடனேயே, 121ஆம் உறுப்புரையின் கீழ்ப் போக வேண்டும். அதற்கான நாட்கள் இதைவிடக் குறைவு.

ஜனாதிபதி உத்தியோகபூர்வமாகச் செய்ததையும் கேள்வி கேட்கலாம். அப்போது எதிர்மனுதாரராக வருபவர் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபர். 2018 நவம்பர் 9 அன்று பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது போடப்பட்டவையும் இதே வகை மனுக்கள்தான். இரா. சம்பந்தன் மனுதாரர்களில் ஒருவர். நவம்பர் 13 அன்று இடைக்கால உத்தரவு வந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து டிசம்பர் 13 அன்று, கலைப்பு அரசியலமைப்புக்கு முரண் என்று ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகச் சொன்னார்கள். நாட்டின் ஜனாதிபதிக்கு எதிராகப் பயன்பட்ட அதே கதவு உங்களுக்கும் எனக்கும் திறந்திருக்கிறது. சரி, வேலைக்கு வருவோம்.

2. நாளை இன்றே எண்ணுங்கள்

126(2)ஆம் உறுப்புரைப்படி மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். மீறல் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதிட இடமுண்டு, ஆனால் எப்போது தெரியவந்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். ஆகவே கடிதம் வந்தால் உறையை எறியாதீர்கள், தபால் முத்திரையில் திகதி இருக்கிறது. அறிவித்தல் பலகை என்றால் அன்றே படம் எடுங்கள். நான் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் கைபேசியில் எடுத்து வைத்திருந்தேன். பழைய பட்டியல் என்று ஒன்று இருந்ததற்குக் கடைசியில் அந்தப் படம்தான் சாட்சி.

மேன்முறையீட்டுக் கடிதம், அமைச்சருக்கு மகஜர், பாராளுமன்ற உறுப்பினருடன் சந்திப்பு, இவை எதுவும் இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை, எழுதுங்கள். ஆனால் பதிலுக்காக ஒருநாள்கூடக் காத்திருக்காதீர்கள். "கொஞ்சம் பொறுங்கள், பார்த்துச் செய்கிறோம்" என்று அலுவலகத்தில் யாராவது அன்பாகச் சொன்னால் இன்னும் வேகமாக ஓடுங்கள். எனக்கு அப்படிச் சொன்னவருக்கு அந்த ஒரு மாதக் கெடு தெரிந்திருந்தது என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

நாட்காட்டியில் போயா (பௌர்ணமி விடுமுறை), வார இறுதி, அரச விடுமுறை எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் பாருங்கள். முப்பது நாள் என்று நினைத்தது இருபது வேலை நாளாகச் சுருங்கிவிடும். யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு என்று வெளியூரில் இருப்பவர்கள் பயணத்துக்கும் இரண்டு நாள் கழித்துக்கொள்ளுங்கள்.

3. மனித உரிமைகள் ஆணைக்குழு

1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு ஒரு மூச்சு விட இடம் தருகிறது. பாதிக்கப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை போன்ற இடங்களில் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன, தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். அவசரத்துக்கு 1996 என்ற தொலைபேசி இலக்கம்.

இதை நம்பி நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். முறைப்பாடு கொடுத்த துண்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருக்கிறது என்பதைக் காட்டச் சொல்லி, காட்ட முடியாத மனுக்களை உயர் நீதிமன்றம் காலங்கடந்தவை என்று தள்ளியிருக்கிறது. ஆகவே முறைப்பாட்டு இலக்கம், எதிர்த்தரப்புக்கு ஆணைக்குழு அனுப்பிய கடிதத்தின் பிரதி, விசாரணைக்கு அழைத்த திகதி, இவை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். என் சட்டத்தரணி சொன்னது இதுதான்: ஆணைக்குழுவுக்குப் போங்கள், ஆனால் ஆணைக்குழு என்று ஒன்று இல்லாதது போல ஒரு மாதத்துக்குள் மனுவையும் போடுங்கள். இரண்டையும் செய்தேன்.

4. ஆவணங்கள்

ஒரு கோப்பு வாங்கி, எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்குங்கள். தேசிய அடையாள அட்டைப் பிரதி, விண்ணப்பம் கோரிய வர்த்தமானி அல்லது விளம்பரம், உங்கள் விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு, அழைப்புக் கடிதம், நிராகரிப்புக் கடிதம், நீங்கள் எழுதிய எல்லாக் கடிதங்களும் அவற்றின் பதிவுத் தபால் துண்டுகளும். கைது, தாக்குதல் என்றால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, நீதவான் நீதிமன்ற வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதி, எல்லாவற்றுக்கும் மேலாக மருத்துவ அறிக்கை. காயம் ஆறுவதற்குள் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டியாக வேண்டும். வீட்டில் எண்ணெய் பூசிக்கொண்டு படுத்திருந்தால் சான்று போய்விடும்.

அவர்கள் கையில் இருக்கும் ஆவணத்துக்கு, அதாவது புள்ளிப் பட்டியல், கூட்டக் குறிப்பு, "மேலிடத்துக் கடிதம்" போன்றவற்றுக்கு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்று முடிவெடுக்கவே அவர்களுக்கு 14 வேலை நாட்கள் உண்டு. அதனால் முதல் நாளே கொடுத்து, கிடைத்ததற்கான துண்டை வாங்குங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலும், கேட்டும் தரவில்லை என்பதையே மனுவில் எழுதலாம். பதில் பிறகு வந்தால் கூடுதல் ஆவணமாகச் சேர்க்க அனுமதி கேட்கலாம்.

உயர் நீதிமன்றத்தில் நடைமுறையில் எல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழ், சிங்கள ஆவணங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரையுடன் மொழிபெயர்ப்பு வேண்டும். பக்கக் கணக்கில் காசு, அவசரம் என்றால் கூட. எல்லாவற்றையும் மொழிபெயர்க்கக் கொடுப்பதற்கு முன் எவை தேவை என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். நான் கேட்காமல் கொடுத்ததில் பாதிப் பக்கம் மனுவில் சேரவே இல்லை.

5. சட்டத்தரணியும் செலவும்

நீங்களே மனுப் போடலாம், அல்லது உங்கள் சார்பில் சட்டத்தரணி போடலாம். அண்ணனோ அப்பாவோ உங்களுக்காகக் கையெழுத்திட முடியாது. பொலிஸ் காவலில் இறந்தவரின் மனைவிக்கு 2003இல் உயர் நீதிமன்றம் இடம் கொடுத்தது, அது வேறு நிலைமை.

செலவு எங்கே போகிறது என்றால்: மனுவைத் தயாரித்துத் தாக்கல் செய்யும் சட்டத்தரணிக்கு ஒரு கட்டணம், மன்றில் வாதிடும் சட்டத்தரணிக்கு ஒவ்வொரு தவணைக்கும், அதாவது வழக்கு அழைக்கப்படும் ஒவ்வொரு நாளுக்கும், ஒரு கட்டணம். இரண்டும் ஒருவரே என்று நினைத்து நான் கணக்குப் போட்டிருந்தேன். முதல் சந்திப்பிலேயே கூச்சப்படாமல் கேளுங்கள்: தாக்கலுக்கு எவ்வளவு, ஒரு தவணைக்கு எவ்வளவு, வழக்கு ஒத்திவைக்கப்பட்ட நாளுக்கும் கொடுக்க வேண்டுமா. பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒத்திவைப்புகள்தான் ஆளைத் தின்னும்.

அப்புறம் பிரதிச் செலவு. என் மனுவும் இணைப்புகளும் 64 பக்கம், எதிர்மனுதாரர்கள் 14 பேர். நீதிமன்றத்துக்குரிய செட்டுகளைச் சேர்க்காமலே 896 பக்கம், அதோடு 14 பதிவுத் தபால். புதுக்கடையைச் சுற்றிப் போட்டோக் கொப்பிக் கடைகள் நிறைய, ஆனால் காலை நேரத்தில் சனம் முட்டி மோதும். முதல் நாள் மாலையே எடுத்துவிடுங்கள்.

வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பெரும்பாலான நீதிமன்ற வளாகங்களில் அதன் நிலையம் இருக்கும், கிராம அலுவலரிடம் வருமானச் சான்று எடுத்துக்கொண்டு போங்கள். இன்னொரு வழியும் உண்டு, பலருக்குத் தெரியாது. வழக்கு நடத்த வசதியற்ற, பெரிதாகப் பாதிக்கப்பட்ட ஒருவர் எழுதும் சாதாரணக் கடிதத்தையே மனுவாக ஏற்க 1990ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற விதிகள் இடம் தருகின்றன. தடுப்பில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. அது நீதிமன்றத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது, ஆனாலும் ஒரு மாதத்துக்குள் எழுதிவிடுங்கள்.

6. மனுவும் சத்தியக்கடதாசியும்

மனு நடந்ததைச் சொல்கிறது, சத்தியக்கடதாசி அதை நீங்கள் பொறுப்பேற்றுச் சொல்கிறது. நல்ல மனுக்கள் பல இந்தக் காகிதத்தில் உள்ள குறையால் விழுந்திருக்கின்றன. சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன்னால், அவர் பார்க்கக் கையெழுத்திட வேண்டும். உங்கள் வழக்கை நடத்தும் சட்டத்தரணி முன்னாலேயே இட வேண்டாம். நீங்கள் சத்தியம் செய்கிறீர்களா, உறுதிமொழி தருகிறீர்களா என்பது ஆரம்ப வரியிலும் முடிவிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆங்கிலம் தெரியாதவர் என்றால், தமிழில் வாசித்து விளக்கப்பட்டது என்ற குறிப்பு வேண்டும். திகதியும் இடமும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பந்தியையும் உங்கள் வாயால் சொல்லச் சொன்னால் சொல்ல முடிகிறதா என்றும் பாருங்கள்.

உங்களுக்குப் பாதகமானதையும் எழுதுங்கள். முன்பு ஒரு ஒழுக்காற்று விசாரணை இருந்ததா, வேறு நீதிமன்றத்தில் இதே விஷயம் இருக்கிறதா? மறைத்தது தெரிந்தால் அதற்காகவே மனுவைத் தள்ளுவார்கள்.

எதிர்மனுதாரர் பட்டியலில் சட்டமா அதிபர் கட்டாயம். அதோடு, நீங்கள் வென்றால் யாருக்கு இழப்போ அவர்களும். என் இடத்தில் நியமனம் பெற்றவர்களை மனுவில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை, அவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று தோன்றியது. சேர்க்காவிட்டால் மனுவே நிற்காது என்றார் சட்டத்தரணி. எதிர்மனுதாரர் 14 ஆனது அப்படித்தான்.

7. யாரிடமும் சொல்லி வைக்காதீர்கள்

மனுப் போட்ட செய்தி பரவியதும், "அமைச்சரைத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், நீதிபதி காதில் போட்டு வைக்கலாம்" என்று ஒருவர் வந்தார். உங்களிடமும் வருவார்கள். நீதிபதியின் கடமையில் தலையிடுவதும், தலையிட முயல்வதும் அரசியலமைப்பின் 111இ உறுப்புரைப்படி குற்றம், சிறைத்தண்டனை வரை போகலாம். அதைவிட முக்கியமானது ஒன்று. எங்கோ இருந்து வந்த ஒரு கடிதம்தானே என் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியது? அதே வேலையை நான் நீதிமன்றத்தில் செய்தால், நான் எதை எதிர்த்துப் போனேன்?

நமது நீதிபதிகள் எந்தச் சூழலில் கட்டளை எழுதுகிறார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 2013 ஜனவரியில், அவர் குற்றவாளி என்ற பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் முடிவை மேன்முறையீட்டு நீதிமன்றம் செல்லாதாக்கிய பிறகும், பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவைப் பாராளுமன்றம் வாக்கெடுத்துப் பதவியிலிருந்து அனுப்பியது. 2023 செப்டெம்பரில் முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி ரி. சரவணராஜா, உயிர் அச்சுறுத்தலையும் மன அழுத்தத்தையும் காரணம் காட்டிப் பதவி விலகி நாட்டை விட்டே போனார். குருந்தூர்மலையில் பௌத்த விகாரை கட்டுவது தொடர்பான வழக்கில் அவர் தந்த கட்டளைகளுக்காகப் பாராளுமன்றத்தில் அவரைத் தாக்கிப் பேசியிருந்தார்கள். வடக்கில் சட்டத்தரணிகள் பணியைப் புறக்கணித்தார்கள், யாழ்ப்பாணத்தில் சனம் மனிதச் சங்கிலியாக நின்றது. இப்படி அழுத்தத்தில் இருக்கும் ஒருவர் முன் நாம் வைக்க வேண்டியது, அவர் துணிந்து பிடித்துக்கொள்ளக்கூடிய ஓட்டையில்லாத ஒரு கோப்பு. திகதி பிசகிய, கையெழுத்துப் பிசகிய மனுவை வைத்துவிட்டு, நீதிபதி பயந்துவிட்டார் என்று சொல்வது நியாயமில்லை.

முகநூலில் எழுதுவதிலும் கவனம். நீதிமன்ற அவமதிப்புக்கென 2024இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. தீர்ப்பை நேர்மையாக விமர்சிக்கலாம். நிலுவையில் உள்ள உங்கள் வழக்கு பற்றி, நீதிபதி யார் ஆள் என்றெல்லாம் எழுதினால் நீங்களே குழி தோண்டுகிறீர்கள்.

8. தாக்கலும் முதல் தவணையும்

பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்ததும் வழக்கு இலக்கம் கிடைக்கும். முத்திரையிட்ட ஒரு பிரதியை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்மனுதாரர்களுக்கு அறிவித்தல் போனதா, விலாசம் சரியா, திரும்பி வந்ததா என்று பின்தொடருங்கள். என் வழக்கில் ஒருவருடைய விலாசம் பிழைத்து ஒரு தவணை முழுதாகப் போனது.

முதல் தவணையைச் சட்டத்தரணிகள் "சப்போர்ட்" என்பார்கள். வழக்கைத் தொடர அனுமதி உண்டா இல்லையா என்று அன்றுதான் முடிவாகும். குறைந்தது இரண்டு நீதியரசர்கள் இருப்பார்கள். அனுமதி மறுத்தால் அதோடு சரி, அதற்கு மேல் நீதிமன்றம் இல்லை. ஒன்றிரண்டு நிமிடங்களில் முடியக்கூடும் என்பதால், நடந்ததை ஒரே பக்கத்தில் திகதி வாரியாக எழுதி உங்கள் சட்டத்தரணியிடம் கொடுங்கள். என் வாழ்க்கையில் நான் எழுதிய பயனுள்ள பக்கம் அதுதான்.

அவசரமானால் இடைக்கால உத்தரவை மனுவிலேயே கேட்க வேண்டும். கேட்காததைத் தரமாட்டார்கள். உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஒதுக்கிய பணத்தைத் தடுத்து வைக்கக்கூடாது என்று 2023 மார்ச் 3 அன்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பாராளுமன்றச் சிறப்புரிமை மீறல் என்று சபையில் சத்தம் எழுந்தது, தேர்தல் நடக்கவில்லை. 2024 ஆகஸ்டில், தேர்தலை நடத்தாதது உரிமை மீறல் என்று தீர்ப்பு வந்தது. வாக்களித்தது 2025 மே 6 அன்று. உத்தரவு கிடைப்பது ஒன்று, அது நிறைவேறுவது இன்னொன்று என்பதை மனதில் வைத்து நாட்களைத் திட்டமிடுங்கள்.

9. அதற்குப் பிறகு

மனுவை இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 126(5) சொல்கிறது. நடைமுறையில் வருடங்கள் ஆகின்றன. அனுமதி கிடைத்த பின் எதிர்த்தரப்பு ஆட்சேபனை தரும், நீங்கள் பதில் சத்தியக்கடதாசி தர வேண்டும், பிறகு எழுத்துமூல சமர்ப்பணம், பிறகு வாதம். ஒவ்வொன்றுக்கும் திகதி குறிப்பார்கள், தவறவிடாதீர்கள்.

பணம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வழக்கில் முன்னாள் ஜனாதிபதி ஒருவர் தன் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபாய் தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் பொருளாதார நெருக்கடி வழக்கில் முன்னாள் ஆட்சியாளர்கள் உரிமைகளை மீறினார்கள் என்று சொன்ன நீதிமன்றம், மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக ஆளுக்கு 150,000 ரூபாய் மட்டுமே தந்தது.

என் வழக்கு இரண்டு வருடம் எட்டு மாதத்தில் இணக்கத்தில் முடிந்தது. சட்டமா அதிபர் திணைக்களத்துச் சட்டத்தரணி எழுந்து, நியமனம் தரச் சம்மதம் என்றார். வெளியே வந்து கைகுலுக்கிப் போய்விடாதீர்கள். எந்தத் திகதியிலிருந்து நியமனம், சேவைமூப்பு என்ன, எத்தனை நாளுக்குள், என்ற மூன்றும் நீதிமன்றப் பதிவில் ஏற வேண்டும். என்னுடையதில் சேவைமூப்பு விடுபட இருந்தது, என் சட்டத்தரணி மறுபடி எழுந்து சொல்லித்தான் சேர்த்தார்கள். அன்றே பதிவாளர் அலுவலகத்தில் சான்றுப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பித்தேன். இரண்டு பிரதி கேளுங்கள், ஒன்று திணைக்களத்துக்குப் போகும், திரும்பி வராது.